மயக்கவியல் செவிலியர் குழுவின் தலைவர்: அரங்கிலா, அலுவலகத்திலா, நடுவிலா?

பழைய தலைவர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார். குழுவில் மூத்தவர் ஒருவரை அழைத்து, "இனி நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்பார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் மயக்கவியல் செவிலியர் குழுவின் தலைமை பல நேரம் இப்படித்தான் கைமாறுகிறது. சம்பளம் எவ்வளவு கூடும் என்ற பேச்சு அன்றைக்கே முடிந்துவிடும். வாரத்தில் எத்தனை நாள் அறுவை அரங்கில் நிற்க வேண்டும், எத்தனை நாள் வெளியே இருக்கலாம், அந்த நாள்களில் அரங்கை யார் பார்ப்பார்கள் என்று யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அவர் அந்தப் பொறுப்பை விட்டு ஓடுவாரா, நிலைப்பாரா என்பது அங்கேதான் இருக்கிறது.

நம் ஊரில் மயக்க மருந்து என்றால் அதற்கென்று படித்த மருத்துவர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்காவில் இந்த வேலையைச் செய்வோரில் பெரும் பகுதியினர் செவிலியர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் குறைந்தது ஓராண்டு வேலை பார்த்து, மயக்கவியலில் தனிப் பட்டம் படித்து, தேசியத் தேர்வில் தேறியவர்கள். சி.ஆர்.என்.ஏ. என்பார்கள். 2022 ஜனவரி முதல் இந்தப் படிப்பில் சேருவோர் முனைவர் பட்டம் வரை படித்தாக வேண்டும். சுவாசக் குழாய் செருகுவது, முதுகுத்தண்டில் ஊசி போடுவது, நோயாளி கண் விழிக்கும்வரை தலைமாட்டை விட்டு நகராமல் இருப்பது எல்லாம் இவர்கள் வேலை. ஒவ்வொருவரும் தனித்தனி அரங்கில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பவர்கள் என்பதால், இந்தக் குழுவை நடத்துவதற்கும் ஒரு வார்டை நடத்துவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு. வார்டில் ஒரு நடை நடந்தால் பாதி விஷயம் கண்ணில் பட்டுவிடும். இங்கே படாது.

நடைமுறையில் நான்கு ஏற்பாடுகளைப் பார்க்கலாம். முதலாவது, மற்றவர்களைப் போல தினமும் ஓர் அரங்கில் நின்றுகொண்டு, கிடைக்கிற இடுக்கில் தலைமை வேலையையும் பார்ப்பது. இரண்டாவது, அரங்கை விட்டு முழுவதும் வெளியே வந்துவிடுவது. மூன்றாவது, அரங்குப் பகுதியிலேயே இருப்பது, ஆனால் தனக்கென்று ஓர் அரங்கை வைத்துக்கொள்ளாமல் இருப்பது. நான்காவது, தலைமையை இருவரோ மூவரோ பங்கு போட்டுக்கொள்வது. என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அது பலிக்காத இடங்களும் உண்டு.

முதலில் பில் எப்படிப் போகிறது என்று பாருங்கள்

தலைமை ஏற்பாட்டைத் தனியாக எடுத்துவைத்து ஒப்பிட முடியாது. மருத்துவமனை எந்தக் கணக்கில் மயக்க சிகிச்சைக்குக் கட்டணம் கேட்கிறது என்பதே தலைவரின் காலைப்பொழுதை வகுத்துவிடுகிறது.

முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிகளில் மருத்துவ வழிநடத்தல் என்று ஒரு முறை உண்டு. ஒரு மயக்கவியல் மருத்துவர் ஒரே நேரத்தில் நான்கு அரங்குகள் வரை பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியர் முழு நேரமும் இருப்பார். அதற்கு மருத்துவர் ஏழு காரியங்களைச் செய்திருக்க வேண்டும். நோயாளியை முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும், மயக்கத் திட்டத்தை வகுக்க வேண்டும், மயக்கமூட்டுவது, தெளிய வைப்பது போன்ற கடினமான கட்டங்களில் நேரில் பங்கேற்க வேண்டும், தான் செய்யாததைத் தகுதியுள்ளவர் செய்வதை உறுதிப்படுத்த வேண்டும், இடையிடையே வந்து பார்க்க வேண்டும், அவசரம் என்றால் உடனே வரும் தூரத்தில் இருக்க வேண்டும், அறுவைக்குப் பிந்தைய கவனிப்பையும் கொடுக்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த நிபந்தனைகள் இவை. கட்டணத்தில் பாதி மருத்துவருக்கு, பாதி செவிலியருக்கு. மருத்துவர் வழிநடத்தாமல் செவிலியரே செய்தால் முழுக் கட்டணமும் செவிலியர் பெயரில் போகும். மெடிகேர் தரும் மொத்தத் தொகை இரண்டிலும் ஒன்றுதான்.

மருத்துவர் மேற்பார்வை வேண்டும் என்ற மெடிகேர் நிபந்தனையிலிருந்து ஒரு மாநிலம் விலகிக்கொள்ளவும் 2001 நவம்பரில் வழி பிறந்தது. மாநில மருத்துவ, செவிலியர் வாரியங்களைக் கலந்தாலோசித்து ஆளுநர் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் அயோவா முதலில் விலகியது. இன்று அந்த வரிசையில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இருக்கின்றன.

இதெல்லாம் கணக்குப்பிள்ளையின் கவலை என்று தோன்றலாம். காலை 7:30 மணிக்கு, அன்றைய அறுவைகளை எழுதியிருக்கும் அரங்குப் பலகைக்கு முன்னால் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. நான்கு அரங்குகளிலும் முதல் அறுவை ஒரே நேரத்தில் தொடங்குவதாகப் போட்டிருக்கும். ஒரு மருத்துவர் நான்கு தலைமாடுகளில் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. ஒரு மருத்துவமனையின் பதிவுகளை வைத்து இதைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. ஒரு மருத்துவருக்கு இரண்டு அரங்குகள் என்றாலே 35 சதவீத நாள்களில் ஏதாவதொரு முக்கியக் கட்டத்தில் அவரால் நேரில் இருக்க முடியாமல் போகும். மூன்று அரங்குகள் என்றால் 99 சதவீத நாள்களில் அப்படி ஆகும் என்றது அது. ஆகவே தொடக்க நேரங்களைப் பத்து, பதினைந்து நிமிடம் முன்பின்னாகத் தள்ளிவைக்க வேண்டும். அறுவை நிபுணர் ஒருவரிடம் போய், "உங்கள் நோயாளி 7:50-க்குத்தான் உள்ளே வருவார்" என்று சொல்லிவிட்டு, சண்டையில்லாமல் திரும்பி வருவது பல இடங்களில் செவிலியர் குழுத் தலைவரின் வேலை. அந்த நேரத்தில் அவரே நான்காவது அரங்கில் ஒரு நோயாளியின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதை யார் செய்வது?

வழிநடத்தல் முறையில் தலைவர் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இடையே உள்ள கீல். மருத்துவர் இல்லாத கிராமப்புற மருத்துவமனையில் அவருக்கு மேலே கூப்பிட யாருமில்லை. இரண்டு இடங்களிலும் பதவியின் பெயர் ஒன்றாக இருப்பதால் வேலையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு முறையில் பழகியவர் இன்னொரு முறையில் தலைமை ஏற்கும்போது முதலில் தடுக்குவது இங்கேதான்.

அரங்கில் நிற்கும் தலைவர்

நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. காரணம் எளிது. மயக்க சிகிச்சைக் கட்டணம் என்பது அறுவையின் தன்மைக்கேற்ற அடிப்படை அலகுகளும், 15 நிமிடத்துக்கு ஒன்று என்ற நேர அலகுகளும் சேர்ந்தது. அரங்குக்கு வெளியே நிற்பவர் எந்த அலகையும் ஈட்டுவதில்லை. தலைவரையும் ஓர் அரங்கில் நிறுத்திவிட்டால் தலைமை வேலை இலவசமாகக் கிடைத்த மாதிரி.

குழுவுக்கும் இது பிடிக்கும். தலைவரும் நம்மோடு நிற்கிறார், இரவு அழைப்புக்கு அவரும் வருகிறார், சிக்கலான நோயாளியை நம் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கவில்லை என்ற நிறைவு. இந்த மதிப்பை வேறு எந்த வழியிலும் சுலபமாகச் சம்பாதிக்க முடியாது.

ஆனால் வேலை நடக்கிற விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். காலை 6:10-க்கு ஒருவர் காய்ச்சல் என்று செய்தி அனுப்புகிறார். தலைவர் உடை மாற்றும் அறையில் நின்றபடியே மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். 7:30-க்கு அவருடைய நோயாளி உள்ளே வந்துவிட்டார். பத்து மணிக்கு மருந்தகத்திலிருந்து அழைப்பு: நேற்று எடுத்த ஃபென்டனில் என்ற ஓபியாய்டு வலி மருந்துக்கும் பதிவில் இருக்கும் அளவுக்கும் இரண்டு மில்லி இடிக்கிறது. அது எழுத்துப் பிழையாக இருக்கலாம். குழுவில் ஒருவர் அந்த மருந்துக்கு அடிமையாகிக்கொண்டிருப்பதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். மயக்கவியலில் வேலை செய்பவர்களுக்கு இது கற்பனை ஆபத்து அல்ல. கைக்கெட்டும் தூரத்திலேயே மருந்து இருக்கிறது. அன்றே அந்த ஆளை நேரில் பார்த்துப் பேச வேண்டிய விஷயம் அது. தலைவரோ காதுக்கும் தோளுக்கும் இடையே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, திரையில் ரத்த அழுத்தம் 84 என்று வருவதைப் பார்த்து, "பிறகு கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுகிறார். பிறகு கூப்பிடுவது அடுத்த வாரம்.

இதில் இரண்டு வேலையும் கெடுகிறது. அவர் கவனம் சிதறும் நேரத்தில் மேஜையில் ஒரு மனிதர் கிடக்கிறார் என்பதால், முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது தலைமை வேலைதான், அதுதான் நியாயமும்கூட. பணி அட்டவணை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நள்ளிரவில் தயாராகும். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய காலையில் கூட்டம் போடுவார்கள், அன்றுதானே அவருக்கு அரங்கு இல்லை! 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 1997-இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. அந்த நிலையில் ஒருவரை உட்காரவைத்து அடுத்த ஆண்டின் ஆள் தேவையைப் பேசுகிறார்கள்.

ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் வேறு வழி கிடையாது. அங்கே இந்த ஏற்பாடு ஓடும். அப்போதும் வாரத்தில் ஒரு நாளை, அல்லது குறைந்தது இரண்டு பிற்பகல்களை, அட்டவணையிலேயே அடைத்துவைக்க வேண்டும். "வேலை குறைந்த நாளில் எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். அறுவை அரங்கில் வேலை குறைந்த நாள் என்று ஒன்று முன்கூட்டித் தெரியாது.

அலுவலகத்தில் உட்காரும் தலைவர்

நாற்பது, ஐம்பது பேர், இரண்டு மூன்று கட்டடங்கள், பிரசவப் பிரிவு, எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ. அறை என்று பரந்து கிடக்கும் குழுவுக்கு இது தவிர்க்க முடியாதது. ஆள் எடுப்பது மட்டுமே ஒரு முழு வேலை. ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகும் சான்றிதழ்கள் சரிபார்த்து, அந்த மருத்துவமனையில் சிகிச்சை செய்வதற்கான அனுமதியை (மருத்துவமனை உரிமம்) கொடுத்து, அவர் முதல் நோயாளியைத் தொட மாதங்கள் ஆகும். அதுவரை அந்த இடத்தைத் தற்காலிக ஆள்களை வைத்து அடைக்க வேண்டும். அவர்களுக்கான செலவு நிரந்தர ஆளுக்கு ஆவதைவிடக் கூடுதல். இதையெல்லாம் முன்கூட்டிப் பார்க்கிற ஆள் ஒருவர் அரங்குக்கு வெளியே இருந்தால் மருத்துவமனைக்குப் பணமே மிஞ்சும்.

காகித வேலை என்று இதை ஏளனம் செய்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டரில் மேயோ சகோதரர்களோடு வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்ற செவிலியர், 1906-இல் 14,000-க்கும் மேற்பட்ட மயக்க சிகிச்சைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை என்பது அதன் சாரம். இந்தத் தொழிலுக்கு அன்று மரியாதை தேடித் தந்ததில் அவருடைய கைத்திறனுக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு அவர் வைத்திருந்த கணக்குக்கும் உண்டு. மறுநாள் வாந்தி எடுத்த நோயாளிகள் எத்தனை பேர், குளிர்ந்து நடுங்கியபடி மீட்பு அறைக்குப் போனவர்கள் எத்தனை பேர், எந்த அரங்கில் முதல் அறுவை எப்போதும் தாமதமாகிறது என்ற கணக்கை இன்றும் யாராவது உட்கார்ந்து பார்க்கத்தான் வேண்டும்.

குறை எங்கே என்றால், கை விட்டுப்போகிறது. மருத்துவமனை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அதைவிட முன்னாலேயே குழு கேட்டுவிடும்: "அவர் கடைசியாக ட்யூப் போட்டது எப்போது?" இந்தக் கேள்வி ஓய்வறையில் எழுந்துவிட்டால், அதன் பிறகு அவர் கொண்டுவரும் எந்த மாற்றமும் மேலிடத்துக் கட்டளையாகத்தான் பார்க்கப்படும். இன்னொன்று, அலுவலகத்துக்கு வருவது புகார்கள் மட்டும்தான். புகார் சொல்லாமல் நன்றாக வேலை செய்பவர்கள் அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். மோசமாக வேலை செய்தும் யாரிடமும் வம்பு வைத்துக்கொள்ளாதவர்களும் அப்படியே.

அரங்கில்லாமல் அரங்கில் இருப்பவர்

இந்த ஏற்பாட்டில் தலைவர் அறுவை உடையில்தான் இருப்பார், ஆனால் பலகையில் அவர் பெயருக்கு எதிரே எந்த அரங்கும் இருக்காது. வாரத்தில் மூன்று நாள் இப்படி, இரண்டு நாள் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் அறுவைகள் தொடங்கும் நேரத்தில் எங்கே இன்னொரு ஜோடிக் கை தேவையோ அங்கே நிற்பார். பிறகு மூன்று நான்கு அரங்குகளுக்குப் போய், உள்ளே இருப்பவரை இடைவேளைக்கு அனுப்பிவிட்டு, அந்த நேரம் அவருடைய இடத்தில் நிற்பார்.

இடைவேளைக்கு மாற்றாளாகப் போவது கீழ்மட்ட வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தலைவருக்கு அதைவிடச் சிறந்த சாளரம் கிடையாது. தலைமாட்டில் நிற்பவர் எழுந்து போவதற்குமுன் ஒரு நிமிடத்தில் சொல்வதைக் கேளுங்கள்: "அறுபத்தெட்டு வயது, பெருங்குடல் அறுவை, ட்யூப் ஏழரை, லேசாக இருந்தது. இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது. சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் கீழே போனால் ஃபெனைலெஃப்ரின் கொடுக்கிறேன், பாட்டில் இதோ. ஆன்டிபயாட்டிக் அடுத்த தவணை 11:40-க்கு. ரத்த வகை பார்த்து வைத்தாயிற்று." இப்படிச் சொல்பவரைப் பற்றி வேறு அறிக்கை தேவையில்லை. "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டுபவரைப் பற்றியும் தேவையில்லை. ஊசிக்குழல்களில் லேபிள் ஒட்டியிருக்கிறதா, உறிஞ்சுக் குழாய் கைக்கெட்டுகிறதா, பதிவேட்டில் எழுதியதும் திரையில் ஓடுவதும் ஒத்துப்போகிறதா என்று பதினைந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆண்டுக்கொரு முறை நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் இதில் பாதிகூட வராது.

நடு அறுவையில் ஆள் மாறுவது நோயாளிக்கு நல்லதா என்ற கேள்வி நியாயமானது. ஒன்டாரியோ மாகாணத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வு ஒன்று 2018-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜாமா இதழில் வந்தது. மயக்கவியல் மருத்துவர் பொறுப்பை முழுவதுமாக இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன அறுவைகளில் விளைவுகள் மோசமாக இருந்தன என்றது. 2022-இல் ஜெர்மனியில் நடந்த சோதனையில் குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தபோது அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. இரண்டுமே ஒரேயடியாகக் கைமாற்றுவதைப் பற்றியவை. காபி குடித்துவிட்டுத் திரும்பி வரும் இடைவேளையைப் பற்றியவை அல்ல. ஆனாலும் ஒப்படைப்பு ஒழுங்காக நடக்க வேண்டும் என்ற அக்கறை தலைவருக்கு வர, அவரே அதன் மறுமுனையில் நிற்பது நல்ல வழி.

அவசரத்தில்தான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்ற அரிய நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். சில மயக்க வாயுக்களோ, தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தோ பட்டதும், மரபிலேயே அந்தக் குறை உள்ளவரின் தசைகள் இறுகி, கரியமில வாயு ஏறி, உடல் கொதிக்கத் தொடங்கும். மருந்து டான்ட்ரோலீன். முதல் தவணை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், 70 கிலோ மனிதருக்கு 175 மில்லிகிராம். பழைய வடிவத்தில் ஒரு குப்பியில் 20 மில்லிகிராம்தான் இருக்கும், ஆக ஒன்பது குப்பிகள். ஒவ்வொன்றிலும் 60 மில்லி கிருமி நீக்கிய நீரைச் செலுத்தி, கலங்கல் தெளியும்வரை குலுக்க வேண்டும். உப்பு நீர் கூடாது. இது ஒருவர் கைக்கு அடங்கும் வேலை அல்ல. ஒரே குப்பியில் 250 மில்லிகிராம் இருக்கும் புதிய வடிவமும் உண்டு, 5 மில்லி நீர் போதும். உங்கள் மருத்துவமனை எதை வைத்திருக்கிறது, அந்த வண்டி எங்கே நிற்கிறது, குப்பிகள் எப்போது காலாவதியாகின்றன என்பதெல்லாம் தலைவருக்குத் தூக்கத்திலும் தெரிந்திருக்க வேண்டும். எல்லோரும் அரங்கில் கட்டுண்டு கிடக்கும் மருத்துவமனையில், உதவி என்று கூவினால் வருவதற்கு அரங்கில்லாத ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய பாதுகாப்பு.

இனி இதன் பலவீனம். யாராவது விடுப்பு என்றால் முதலில் எல்லோர் கண்ணும் இவர்மேல்தான் போகும். சும்மாதானே நிற்கிறார்! திங்கட்கிழமை ஓர் அரங்கு, புதன்கிழமை இன்னொன்று என்று இழுத்து இழுத்து, மூன்றே மாதத்தில் இந்த ஏற்பாடு முதலாவது ஏற்பாடாக மாறிப்போகும். பெயர் மட்டும் புதிது. இதைத் தடுக்க வெறும் பேச்சு உதவாது. ஆள் குறையும்போது என்ன வரிசையில் நடப்பது என்று எழுதி, அறுவை நிபுணர்களின் தலைவரும் மயக்கவியல் மருத்துவர்களின் தலைவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். முதலில் அழைப்புப் பட்டியலில் இருப்பவர், அடுத்து அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவைப்பது அல்லது ஓர் அரங்கைத் தாமதமாகத் திறப்பது, அதற்கும் பிறகுதான் தலைவர். இந்த வரிசைக்கு நிர்வாகம் சம்மதிக்கவில்லை என்றால் மூன்றாவது ஏற்பாட்டைத் தொடங்கவே வேண்டாம்.

இன்னொரு சிக்கல், தலைவர் எல்லா இடைவேளைகளையும் தானே கொடுக்க ஆரம்பித்துவிடுவார். நல்ல மனம்தான். ஆனால் பன்னிரண்டு அரங்குகளுக்குக் காலை இடைவேளையும் மதிய உணவும் கொடுத்து முடித்தால் பிற்பகல் இரண்டு மணி ஆகிவிடும். அன்று வேறு எதுவும் நடந்திருக்காது. தினம் மூன்று நான்கு அரங்குகள், சுழற்சி முறையில், போதும்.

பங்கு போட்டுக்கொள்வது

தினமும் பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குழுவில் மூத்தவர்களுக்குள் மாற்றி மாற்றிக் கொடுப்பது பல இடங்களில் இருக்கிறது, நல்ல பழக்கமும்கூட. நான் இங்கே பேசுவது நிரந்தரத் தலைமையையே பிரிப்பதைப் பற்றி. வாரத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் உருப்படாது. விடுப்பு கேட்பவர், இந்த வாரத்துத் தலைவர் மறுப்பார் என்று தெரிந்தால் அடுத்த வாரம் வரை பொறுத்திருந்து கேட்பார். பிரிப்பதானால் விஷயத்தை வைத்துப் பிரிக்க வேண்டும்: ஆள், அட்டவணை, விடுப்பு ஒருவருக்கு; சிகிச்சைத் தரம், மருந்துக் கணக்கு, மாணவர்கள், பிழை ஆய்வு இன்னொருவருக்கு. பிழை ஆய்வு செய்பவரும் விடுப்பு கொடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால், நேர்ந்ததை நேர்ந்தபடி சொல்லக் குழுவுக்குத் தயக்கம் குறையும்.

தொழிற்சங்கம் உள்ள மருத்துவமனையில் இதற்கு ஒரு சட்டக் கோணமும் உண்டு. சங்கத்தில் சேருவோருக்கு அமெரிக்கத் தொழிலாளர் சட்டம் தரும் பாதுகாப்பு மேற்பார்வையாளருக்குக் கிடையாது. மிச்சிகனைச் சேர்ந்த ஓக்வுட் ஹெல்த்கேர் வழக்கில் 2006-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தந்த முடிவு, நிரந்தரமாகப் பொறுப்பில் இருந்த செவிலியர்களில் பலரை மேற்பார்வையாளர்கள் என்றும், சுழற்சியில் பொறுப்பு வகித்தவர்களை அப்படி இல்லை என்றும் பிரித்தது. வேலை நேரத்தில் 10 முதல் 15 சதவீதமாவது முறையாக மேற்பார்வையில் செலவாக வேண்டும் என்பது அதில் சொல்லப்பட்ட அளவு. பதவியை ஏற்பதற்கு முன்பே சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்ற பிறகு தெரிந்துகொள்வது கசப்பாக இருக்கும்.

செவிலியர் தலைவரே இல்லாமல், மயக்கவியல் மருத்துவர்களின் தலைவரோ ஒப்பந்த நிறுவனத்தின் வட்டார மேலாளரோ குழுவை நடத்துவதும் உண்டு. அட்டவணை ஓடும். குழுவின் சார்பில் பேச யாரும் இருக்க மாட்டார்கள். அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

எந்த இடத்துக்கு எது

எட்டுப் பேருக்கு உட்பட்ட குழு, மருத்துவர் இல்லாமல் செவிலியர்களே நடத்தும் சிறிய மருத்துவமனை: அரங்கில் நிற்கும் தலைவர், அடைத்துவைத்த ஒரு நாளோடு. வேறு எதையும் முயல ஆள் போதாது.

பத்து முதல் முப்பது பேர் வரை: அரங்கில்லாத தலைவர்தான். குறிப்பாக ஒரு மருத்துவர் மூன்று நான்கு அரங்குகளைப் பார்க்கும் இடம் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். அங்கே மருத்துவரின் கை எல்லா அரங்குக்கும் எட்டாமல் இடைவெளி உண்டாகும். 2022-இல் ஜாமா சர்ஜரி இதழில் வந்த பெரிய ஆய்வில், மருத்துவர் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு அறுவைகளைப் பார்த்தபோது 5.06 சதவீதமாக இருந்த மரண, கடும் சிக்கல் விகிதம், மூன்று நான்கு அறுவைகளைப் பார்த்தபோது 5.75 சதவீதமாக இருந்தது. பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்த ஆய்வு அது, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இடைவெளியில் நிற்க ஒருவரை வைத்திருப்பதற்கு எனக்கு அது போதுமான காரணம்.

அதற்கு மேல் பெருத்த குழு என்றால் அலுவலகத் தலைவர் ஒருவர் வேண்டும். அவருக்குக் கீழே ஒவ்வொரு கட்டடத்துக்கும் அரங்கில்லாத துணைத் தலைவர் ஒருவர். அலுவலகத் தலைவரும் வாரத்தில் ஒரு நாள் அரங்குக்குள் வர வேண்டும், அதுவும் சுலபமான கண்புரை அறுவைகளைப் பொறுக்கிக்கொள்ளாமல்.

பொறுப்பை ஏற்கச் சொல்லிக் கேட்கும்போது பேரம் பேச உங்களிடம் இருக்கும் பலம், ஏற்ற மறுநாள் இருக்காது. எத்தனை நாள் அரங்குக்கு வெளியே, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், ஆள் எடுப்பதில் கடைசிச் சொல் யாருடையது, நீங்கள் விடுப்பில் போனால் யார், இரவு அழைப்பு தொடருமா என்ற ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு முதல் மூன்று மாதத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, வெளியே இருக்க வேண்டிய நாளில் எத்தனை முறை அரங்குக்குள் இழுக்கப்பட்டீர்கள், எவருடைய இடத்துக்கு, எத்தனை மணி நேரம் என்று மட்டும் எழுதுங்கள். நான்கு நாளில் ஒரு நாளுக்கு மேல் அப்படி ஆகியிருந்தால் குழுவில் ஆள் குறைவு என்று பொருள்; அந்தக் குறிப்பேட்டை அப்படியே நிதிப் பிரிவுக்கு எடுத்துப் போய், புதிதாக ஓர் ஆள் வேண்டும் என்று கேளுங்கள்.